ஒரு டீமுக்கு ரெண்டு கேப்டன்: இந்திய ஹாக்கியின் மேலிடச் சண்டைகள்

ஒரு டீமுக்கு எத்தனை கேப்டன்? இது என்ன கேள்வி, ஒருத்தர்தான் என்பீர்கள். ஆனால் 1968ல் மெக்சிகோ ஒலிம்பிக்குக்குப் போன இந்திய ஹாக்கி அணிக்கு ரெண்டு கேப்டன்கள். பிரிதிபால் சிங் ஒருத்தர், குர்பக்ஸ் சிங் இன்னொருத்தர். ரெண்டு பேருமே பெரிய ஆட்டக்காரர்கள், 1964 டோக்கியோ தங்கத்தில் பங்கு உள்ளவர்கள். முதலில் பிரிதிபாலை கேப்டன் என்று அறிவித்தார்கள். அதற்கு உள்ளேயிருந்தே எதிர்ப்பு வந்தது. உடனே மேலிடத்தில் இருந்தவர்கள் ஒரு 'தீர்வு' கண்டுபிடித்தார்கள். ரெண்டு பேரையும் கேப்டன் ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது!

தீரவில்லை. முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்திடம் 1-2 என்று தோற்றோம். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் அதே 1-2. மேற்கு ஜெர்மனியை வென்று வெண்கலம் கிடைத்தது என்னவோ உண்மை. ஆனால் 1928லிருந்து தங்கம் அல்லது வெள்ளிக்குக் கீழே இறங்காத நாடு முதன்முதலாக மூன்றாம் இடத்துக்கு வந்தது அந்த வருஷம்தான். அந்த அணியில் நம் சென்னைப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள்: வி.ஜே. பீட்டர், கிருஷ்ணமூர்த்தி பெருமாள், முனீர் சேட். கோஷ்டி சேர்வதற்கு வட இந்தியாவில் ரெண்டு கூடாரம் இருந்தபோது இவர்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

தோல்விக்கு ரெண்டு கேப்டன் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மற்ற நாடுகளும் அதற்குள் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டுவிட்டன. என் கேள்வி வேறு. ரெண்டு கேப்டன் என்ற முடிவை எடுத்தவர்கள் அதற்காக எதை இழந்தார்கள்? ஒன்றையும் இழக்கவில்லை. இழந்தது ஆடினவர்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்திய ஹாக்கி வரலாற்றைப் படித்தால் பாதி புதிர்கள் அவிழ்ந்துவிடுகின்றன.

அமெரிக்கா, கனடா பக்கம் ஹாக்கி என்றால் அது ஐஸ் ஹாக்கி. அங்கே 1963லிருந்து 'டிராஃப்ட்' என்று ஒரு முறை இருக்கிறது. புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும். போன வருஷம் கடைசியில் வந்தவர்களுக்கு முன்னுரிமை (இப்போது அதில் குலுக்கலும் சேர்ந்துவிட்டது). யாரை எடுப்பது என்று அணி மேலாளருக்கும் ஊர் ஊராகப் போய் பையன்களைப் பார்த்துவிட்டு வரும் ஆட்களுக்கும் நடக்கும் வாக்குவாதத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். முதலில் எடுத்த பையன் சொதப்பினால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு அந்த மேலாளரை ரசிகர்கள் விடமாட்டார்கள். வேலையும் போகும். அதாவது தப்பான தேர்வுக்குத் தேர்ந்தெடுத்தவரும் விலை கொடுக்கிறார்.

நம்மூரில் அப்படி இல்லை. எங்கள் ராதாபுரம் பக்கம் கிரிக்கெட் டீமில் பேட் யாருடையதோ அவன்தான் ஓப்பனிங். அவன் டக் அவுட் ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன்தான் ஓப்பனிங். ஹாக்கி சம்மேளனமும் ரொம்ப நாள் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடியது.

ஆனால் இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இருக்கிறது. 1975. இந்தியா உலகக் கோப்பையை வென்ற ஒரே வருஷம்.

அப்போது சம்மேளனத்துக்குள் சண்டை உச்சத்தில் இருந்தது. பல வருஷம் தலைவராக இருந்த அஸ்வினி குமாருக்குப் பிறகு நம் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி தலைமைக்கு வந்த காலம். வடக்கு, தெற்கு, இந்த கோஷ்டி, அந்த கோஷ்டி என்று ஒரே குழப்பம். உலகக் கோப்பை நெருங்குகிறது, அணியைத் தயார் செய்ய வேண்டியவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். (இடையில் ஒரு சின்ன விஷயம். எம்.ஏ.எம். ராமசாமி குதிரைப் பந்தயத்தில் இந்தியா முழுக்கப் பெயர் வாங்கினவர். குதிரையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் சொந்தப் பணம் போகும். ஹாக்கியில் ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் யார் பணமும் போகாது.)

கடைசியில் பஞ்சாப் அரசு பொறுப்பை எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே முதலமைச்சர் ஜெயில் சிங், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். சண்டிகரில் முகாம். பொறுப்பு பல்பீர் சிங்கிடம். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர். 1952 இறுதி ஆட்டத்தில் தனியாக 5 கோல் அடித்த மனிதர். அந்த முகாமில் ஆட்டக்காரர்கள் எந்த மாநிலம், எந்த கோஷ்டி என்ற பேச்சைவிட யார் எந்த இடத்தில் ஆடினால் நல்லது என்ற பேச்சு அதிகமாக இருந்தது. ஆபீஸ் சண்டை சண்டிகர் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. இதுதான் அந்தக் கோப்பையின் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோலாலம்பூரில் நடந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இறுதி ஆட்டத்தைவிட மலேசியாவுக்கு எதிரான அரையிறுதி. சொந்த ஊர்க் கூட்டம் மைதானத்தை நிறைத்திருக்கிறது. மலேசியா 2-1 என்று முன்னால் இருக்கிறது. ஆட்டம் முடிய சில நிமிஷம்தான் பாக்கி. பெனால்டி கார்னர்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன, கோல் விழவில்லை. அப்போது பல்பீர் சிங் ஒரு முடிவு எடுத்தார். மைக்கேல் கிண்டோவை வெளியே கூப்பிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார். போபால் பையன். அப்பா அகமது ஷேர் கான் 1936 பெர்லின் தங்க அணியில் ஆடினவர். அஸ்லம் உள்ளே வந்தார், கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டார், பெனால்டி கார்னரை அடித்தார். கோல். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலில் 3-2 என்று இந்தியா இறுதிக்குப் போனது. 1975 மார்ச் 15ல் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பை. அந்த அணியில் நம் பீட்டரின் தம்பி வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார்.

அஸ்லம் அடித்தது கோல் ஆகாமல் போயிருந்தால்? 'கிண்டோவை ஏன் எடுத்தாய்' என்று நாடு முழுக்க பல்பீர் சிங்கின் சட்டையைப் பிடித்திருக்கும். அவர் மைதானத்தின் ஓரத்தில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்று எடுத்த முடிவு அது. பெயரும் அவருக்குத்தான், பழியும் அவருக்குத்தான். 1968க்கும் 1975க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது.

அந்தப் பாடத்தை யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. 1980 மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஒரு தங்கம். பல பெரிய நாடுகள் வராத ஒலிம்பிக் அது, இருந்தாலும் தங்கம் தங்கம்தான். பிறகு நீண்ட வறட்சி.

இனி தன்ராஜ் பிள்ளை. தன்ராஜ் பிறந்தது புனே பக்கம் கட்கியில், 1968ல். தமிழ்க் குடும்பம். அப்பா ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவர். உடைந்த மட்டையை ஒட்டுப்போட்டு ஆடிப் பழகிய பையன் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு ஆடினார்.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு. தன்ராஜ்தான் கேப்டன். பயிற்சியாளர் எம்.கே. கௌசிக். இறுதியில் தென் கொரியாவை டை பிரேக்கரில் வென்று தங்கம். கோல் கீப்பர் ஆஷிஷ் பல்லால் அன்றைக்குச் சுவர் மாதிரி நின்றார். இதற்கு முன் ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம் வாங்கியது 1966ல், அதுவும் இதே பாங்காக்கில். 32 வருஷம்! ஊருக்குத் திரும்பினால் மாலை மரியாதைதானே நடக்க வேண்டும்?

நடந்தது வேறு. அடுத்த அணியில் தன்ராஜ் இல்லை. பல்லால் இல்லை. இன்னும் சில மூத்தவர்களும் இல்லை. பயிற்சியாளர் கௌசிக்கும் வெளியே. சம்மேளனம் சொன்ன காரணம்: மூத்தவர்களுக்கு 'ஓய்வு' கொடுத்திருக்கிறோம். வெளியே எல்லாரும் பேசிக்கொண்ட காரணம்: ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை, வசதி இல்லை என்று வாய் திறந்ததற்குத் தண்டனை. அப்போது தலைவர் கே.பி.எஸ். கில். பஞ்சாபில் போலீஸ் டி.ஜி.பி.யாக இருந்து பெயர் எடுத்தவர். 1994லிருந்து 2008 வரை 14 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

கில் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இளையவர்களைக் கொண்டு வருகிறோம் என்றார்கள். 2001ல் ஹோபர்ட்டில் ககன் அஜித் சிங் தலைமையிலான ஜூனியர் அணி அர்ஜென்டினாவை 6-1 என்று துவைத்து உலகக் கோப்பையை வாங்கியது. தீபக் தாகூர், ஜுக்ராஜ் சிங் என்று ஒரு நல்ல தலைமுறை வந்தது. ஆக இளைஞர்கள் மீது கட்டிய பந்தயம் வெறும் சாக்கு இல்லை. ஆனால் 32 வருஷம் கழித்து ஜெயித்த அணியை ஜெயித்த கையோடு கலைத்ததற்கு எந்த வாதமும் எனக்குப் போதவில்லை. இளையவன் ஆடிப் பழக வேண்டியது தன்ராஜ் பக்கத்தில் அல்லவா? தன்ராஜ் இல்லாமலும் ஆகாது என்று அவர்களுக்கே பிறகு தெரிந்தது. 2000 சிட்னிக்கு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அங்கே போலந்துடன் கடைசி நிமிஷங்களில் ஒரு கோல் வாங்கி, 1-1 ஆகி, அரையிறுதி கைநழுவிப்போனது தனிச் சோகம்.

அடுத்த சில வருஷங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், எல்லாம் ஒரே மாதிரி கதை. 2002 கோலாலம்பூர் உலகக் கோப்பையில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் செட்ரிக் டி'சோசாவை நீக்கினார்கள். முடிவில் 10ஆம் இடம். 2003ல் ராஜிந்தர் சிங் பயிற்சியில், தன்ராஜ் தலைமையில் ஆசியக் கோப்பை கிடைத்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அந்த ராஜிந்தரையும் தூக்கிவிட்டு ஜெர்மனியிலிருந்து கெர்ஹார்ட் ராக்கை அழைத்து வந்தார்கள். ஆட்டக்காரர்களின் பெயர் மனப்பாடம் ஆவதற்குள் ஒலிம்பிக் வந்துவிட்டது. 7ஆம் இடம். பரீட்சைக்கு முந்தின நாள் வாத்தியாரை மாற்றினால் என்ன ஆகும் என்று நம் வகுப்புக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை :)

2007 செப்டம்பரில் ஒரு வெளிச்சம், அதுவும் நம் சென்னையில். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசியக் கோப்பை இறுதி. தென் கொரியாவை 7-2 என்று இந்தியா வீழ்த்தியது. சரி, இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நினைத்தார்கள். ஆறே மாதம். 2008 மார்ச்சில் சிலி நாட்டு சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928க்குப் பிறகு முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி இல்லாமலே ஒரு ஒலிம்பிக் நடந்தது. பயிற்சியாளர் ஜோகிம் கார்வாலோ ராஜினாமா செய்தார். தலைவர் செய்யவில்லை. பழைய கணக்குதான்.

அடுத்த மாதமே இன்னொரு இடி. ஒரு ஆட்டக்காரரை அஸ்லான் ஷா கோப்பைக்கான அணியில் சேர்க்க, சம்மேளனச் செயலாளர் கே. ஜோதிகுமரன் பணம் வாங்குவதாகச் சொல்லி ஒரு ரகசிய வீடியோவை 'ஆஜ் தக்' தொலைக்காட்சி ஒளிபரப்பியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார், பதவியை விட்டும் விலகினார். ஏப்ரல் 28ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. கில் காலம் முடிந்தது. நிர்வாகத்தைக் கவனிக்க ஒரு தற்காலிகக் குழு போட்டார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? கோலாலம்பூரில் தாயத்தை முத்தமிட்டாரே, அதே அஸ்லம் ஷேர் கான். உறுப்பினர்களில் ஒருவர், 'ஓய்வு' கொடுக்கப்பட்ட தன்ராஜ் பிள்ளை. சினிமாவில் இப்படிக் காட்சி வைத்தால் நம்ப மாட்டோம்.

அதன் பிறகு ஒன்றுக்கு ரெண்டாகச் சங்கங்கள். 2009ல் 'ஹாக்கி இந்தியா' பிறந்தது. சர்வதேச அங்கீகாரம் அதற்குத்தான். பழைய சம்மேளனமும் நான்தான் உண்மையான வாரிசு என்று விடாமல் நின்றது. 2012ல் பழைய சம்மேளனம் நிம்பஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி' நடத்தியது. 'சென்னை சீட்டாஸ்' என்று நமக்கும் ஒரு அணி இருந்தது. 43 வயதில் தன்ராஜ் கர்நாடக அணிக்கு ஆடினார். அதில் ஆடினவர்களுக்கு ஹாக்கி இந்தியாவின் கதவு மூடிக்கொண்டது. ரெண்டு கேப்டனுக்குப் பதில் இப்போது ரெண்டு சங்கம்! பணம் கிடைக்கும் ஆட்டமா, நாட்டுக்கு ஆடும் வாய்ப்பா என்று ஆட்டக்காரன் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. அந்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் ஆடின ஆறு ஆட்டத்திலும் தோற்று 12ஆவது, அதாவது கடைசி இடம்.

ஹாக்கி இந்தியாவும் தேவர்கள் சபை ஒன்றும் இல்லை. 2015ல் ஆண்ட்வெர்ப்பில் மலேசியாவை வென்ற கையோடு தலைவர் நரிந்தர் பத்ரா மைதானத்துக்குள் வந்து ஆட்டக்காரர்களைத் திட்டினார், அதைத் தட்டிக் கேட்டதால் வந்த சண்டை என்று பயிற்சியாளர் பால் வான் ஆஸ் சொன்னார். பத்ரா தரப்பு அதை ஏற்கவில்லை. கடைசியில் வெளியே போனது பயிற்சியாளர். ஆனால் பயிற்சியாளர்களுக்கு அதிக நாள் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதும் பிறகு தெரிந்தது. 2019ல் வந்த கிரஹாம் ரீட் 2021 டோக்கியோ வரை இருந்தார். ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 வருஷம் கழித்து ஒரு ஒலிம்பிக் பதக்கம்.

இதற்கிடையில் ஏலம் என்ற சமாச்சாரம் ஹாக்கிக்கும் வந்துவிட்டது. 2012 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக்கின் முதல் ஏலத்தில் சர்தார் சிங் 78,000 டாலருக்குப் போனார். 2017க்குப் பிறகு நின்றுபோன லீக் மறுபடி உயிர்பெற்று, 2024 அக்டோபரில் டில்லியில் ஏலம் நடந்தபோது ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம் ரூபாய். ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் கையில் 4 கோடி. 24 பேரை எடுக்க வேண்டும், அதில் நான்கு பேராவது ஜூனியராக இருக்க வேண்டும் என்று விதி. ஆளை மனிதச் சந்தையில் விற்கிறார்கள் என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கும் பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் கையைத் தூக்கினால் அவர் பணம் போகிறது. யாரை எடுத்தார், யாரை விட்டார், எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. பூட்டிய அறைக்குள் நடந்த தேர்வைவிட இது மேல் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஏலத்தில் 'தமிழ்நாடு டிராகன்ஸ்' எடுத்தவர்களில் ஒருவர் எஸ். கார்த்தி. அரியலூர்க்காரர். ஹாக்கியில் அவர் தேர்ந்தது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். 1986ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை கோவில்பட்டியும் நம் நெல்லை மாவட்டம்தான். மில்லும் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் போல ஹாக்கியும் அந்த ஊர் அடையாளம். சாயங்காலம் மட்டையோடு மைதானத்துக்குப் போகும் பையன்களை இந்தியாவில் வேறு எத்தனை ஊரில் பார்க்க முடியும்? ஆனாலும் இந்திய அணித் தேர்வு என்று வந்தால் அந்த ஊரின் பெயர் பட்டியலில் வந்து சேர எவ்வளவோ வருஷம் ஆனது.

வந்து சேர்ந்தது 2022ல். ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. முதல் நிலை அணி ஐரோப்பாவில் ப்ரோ லீக் ஆட வேண்டியிருந்ததால் மூத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இளையவர்களை அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். ஆம், 1998ல் சொன்ன அதே 'ஓய்வு'. ஆனால் இந்த முறை எல்லாருக்கும் காரணம் தெரியும், யாரும் தண்டிக்கப்படவில்லை, மூத்தவர்கள் அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் பொறுப்பில் நம் 78,000 டாலர் சர்தார் சிங். அணியில் கார்த்தியோடு கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார். மே 23, முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். இந்தியாவுக்காக கார்த்தி ஆடும் முதல் ஆட்டமும் அதுதான். பெனால்டி கார்னரிலிருந்து வந்த பந்தை அவர் அடிக்க, அது கோல் ஆனது. பாகிஸ்தான் கடைசி நிமிஷத்தில் சமன் செய்து 1-1 என்று முடிந்தாலும், அந்தப் போட்டியில் அந்த இளம் அணி ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பியது.